வெள்ளைத் தேயிலையைத் தேடி ஒரு பயணம்: கல்முனைக்குடியிலிருந்து ஹப்புத்தளை வரை



தேத்தண்ணி ஊற்றாத வீடு எங்கள் கல்முனைக்குடியில் இல்லை. காலையில் அடுப்பில் ஏறும் கேத்தல் இரவு படுக்கப் போகும்வரை இறங்குவதில்லை. விருந்தாளி வந்தால் தேத்தண்ணி, மௌத்து வீட்டில் தேத்தண்ணி, கடலுக்குப் போனவர்கள் கரையேறினால் தேத்தண்ணி. சீனி விலை ஏறிய நாட்களில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்ரீ குடித்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு, நாங்கள் ஒதுங்கிய பாடசாலையில் முதன்முதலாகக் கைக்குக் கிடைத்ததும் பெரிய கிடாரத்தில் ஊற்றிய தேத்தண்ணிதான்.

இவ்வளவு குடிக்கும் எங்களுக்குத் தேயிலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை ஒரு சின்னப் பெட்டிதான் காட்டித்தந்தது.

எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் ஒரு மாமி இருக்கிறார். 1990ஆம் ஆண்டில் கணவரை இழந்தவர். கடற்கரைப் பக்கம் அப்பமும் தேத்தண்ணியும் விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். ஒரு நாள் வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்து, “இது சீனாவின் வெள்ளைத் தேயிலை. அந்தக் காலத்தில் அரசர்கள் மட்டும் குடித்தது. மூன்று மாதம் குடித்தால் சீனி வருத்தம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மாத்திரையே தேவையில்லை” என்று சொல்லி 50 கிராம் பெட்டி ஒன்றை 4500 ரூபாவுக்கு விற்றுவிட்டுப் போனார். மாமி கொடுத்தது சீட்டு விழுந்த காசு.

மாமி அந்தத் தேயிலையை நம்பி ஒன்பது நாட்கள் மாத்திரை போடவில்லை. பத்தாம் நாள் தலை சுற்றி விழுந்தார். கிளினிக்குக் கொண்டு போனோம். சீனி மிகவும் ஏறியிருந்தது. நல்ல வேளை, உயிருக்கு ஆபத்து வரவில்லை. விற்றவரை அதன்பின் யாரும் காணவில்லை.

படுக்கையிலிருந்து எழும்பிய மாமி அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அப்ப இந்த வெள்ளத் தேயில எண்டு ஒண்டு மெய்யாவே இருக்கா? இல்லாட்டி அதுவும் பொய்யா?”

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த வருடச் சுற்றுலாவை மலைநாட்டுக்கு வைத்துக்கொள்வோம் என்று குழுவில் முடிவானது. கல்முனைக்குடியிலிருந்து ஏழு பேர், பாண்டிருப்பிலிருந்து நான்கு பேர். ஒரு ஓகஸ்ட் மாதத்து விடியற்காலையில், கட்டுச்சோற்றுடன் வானில் ஏறினோம்.

ஏ4 வீதி எங்கே போகிறது?

எங்கள் ஊரின் நடுவே ஓடும் பெரிய வீதிக்கு ஏ4 என்று பெயர். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலைச்சரிவில் ஏறி, பெரகலையைத் தாண்டி இறங்கி, மொனராகலை, பொத்துவில் ஊடாகக் கரைக்கு வந்து, கல்முனையைக் கடந்து மட்டக்களப்பில் முடியும் வீதி அது. இந்த வீதியிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் அதன் மறுபக்கம் தேயிலை மலைக்குப் போகிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை. யுத்த காலத்தில் எங்களுக்கு அந்த வீதி என்றால் சோதனைச் சாவடிகள்தான். பையைத் திறந்து காட்டி, இறங்கி நடந்து, மறுபடி ஏறி... அதற்கு மேல் நினைக்க நேரம் இருக்கவில்லை.

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பொத்துவிலில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினோம். லகுகலைக் காட்டில் யானைகளைக் கண்டு வானுக்குள் ஒரே கூச்சல். சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய வரை வெயில் கொளுத்தியது. வெல்லவாயவுக்கு அப்பால் வீதி மேலே ஏறத் தொடங்கியது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியை வானை நிறுத்திப் பார்த்தோம்.

அடுத்தது கொஸ்லாந்தை. அங்கே வான் சாரதி தானாகவே வேகத்தைக் குறைத்தார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிவில் லயன்கள் புதைந்துபோன மீரியபெத்தை தோட்டம் அந்தப் பக்கம்தான். கடல் எங்களுக்குச் செய்ததை மலை அவர்களுக்குச் செய்திருக்கிறது. பாண்டிருப்பு அக்கா ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மாமி கையேந்தி துஆக் கேட்டார். பெரகலை வந்து ஹப்புத்தளைக்குத் திரும்பும்வரை யாரும் அதிகம் பேசவில்லை.

கச்சானின் மறுமுகம்

ஹப்புத்தளை ஒரு மலைமுகட்டின் மேல் இருக்கும் ஊர். வானை விட்டு இறங்கியதும் காற்று எங்கள் முக்காட்டையும் சேலைத்தலைப்பையும் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. இங்கேதான் நாங்கள் முதல் பாடத்தைக் கற்றோம்.

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கரையில் வீசும் கச்சான் காற்றை உங்களுக்குத் தெரியும். உதடு வெடிக்கும், கிணறு வற்றும், வாசலெல்லாம் புழுதி. அந்தக் கச்சான் தென்மேல் பருவக்காற்றுத்தான். தான் கொண்டுவந்த மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி, வெறும் உலர்ந்த காற்றாக ஊவா மலைச்சரிவுகளில் இறங்கி, பிறகு எங்கள் கரைக்கு வருகிறது. எங்களுக்கு வறட்சியைத் தரும் அதே காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு மணத்தைத் தருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அங்கே உற்பத்தியாகும் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் இருப்பதற்கு இந்த உலர்ந்த காற்றே காரணம்.

நாங்கள் போனது ஒரு சிறிய தொழிற்சாலை. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அங்குள்ள வயதான அதிகாரி ஒருவர் பொறுமையாகச் சுற்றிக் காட்டினார். மாமி தன் கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

“வெள்ளைத் தேயிலை மெய்யாகவே இருக்கிறது அம்மா. அதற்கு வேறு மரம் கிடையாது. கறுப்பு, பச்சை, வெள்ளை எல்லாம் ஒரே செடியின் பிள்ளைகள். வளர்ப்பில்தான் வித்தியாசம்.”

அந்த வித்தியாசத்தை அவர் விளங்கப்படுத்தியது இப்படித்தான். நாங்கள் நாளாந்தம் குடிக்கும் கறுப்புத் தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு அரும்புமாகக் கொழுந்து பறிப்பார்கள். அதை வாட்டுவார்கள். பிறகு இயந்திரத்தில் போட்டு உருட்டி நசுக்குவார்கள். நசுங்கிய இலையின் சாறு காற்றுப் பட்டு, வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பது போலக் கறுக்கும். அதன்பின் சூட்டில் உலர்த்தி, சல்லடையில் அரித்து, தரம் பிரிப்பார்கள். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோத் தேயிலை கிடைக்கும். பச்சைத் தேயிலைக்கு, கறுக்குமுன்பே ஆவியிலோ சூடான சட்டியிலோ இலையைச் சூடுகாட்டி நிறுத்திவிடுவார்கள்.

வெள்ளைத் தேயிலைக்கு இதில் எதுவும் இல்லை. உருட்டுவதில்லை, நசுக்குவதில்லை, சட்டியில் வறுப்பதில்லை. இலையாக விரியாத அரும்பை மட்டும் பறித்து, தட்டில் பரப்பி, காற்றிலும் இளவெயிலிலும் வாடவிட்டு, மெல்லிய சூட்டில் ஈரத்தைப் போக்கி எடுப்பார்கள். அவ்வளவுதான். அரும்பின் மேல் பூனைக்குட்டியின் மயிர்போல வெள்ளைப் பூமயிர் இருக்கும். காய்ந்த பிறகும் அது உதிராமல் வெள்ளி போலத் தெரியும். அதனால்தான் வெள்ளைத் தேயிலை என்ற பெயர். எங்கள் நாட்டில் இதனைச் ‘சில்வர் டிப்ஸ்’ என்பார்கள். 1925இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த ‘டீ.ஆர்.ஐ. 2043’ என்ற இனத்தின் அரும்பு இதற்கு ஏற்றதாம்.

“வேலை குறைவுதானே, பிறகு ஏன் விலை இவ்வளவு?” என்று நான் கேட்டேன்.

“இயந்திரத்துக்கு வேலை குறைவு. கைக்கு வேலை கூட. அதோ, அவர்களைக் கேளுங்கள்” என்று மலைப்பக்கம் காட்டினார்.

யாருடைய கை?

மேல்மலையில் ஐந்தாறு பெண்கள் அரும்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் வழக்கமான கூடை இல்லை. இடுப்பில் சிறிய துணிப்பை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தங்கச்சி எங்களுடன் பேசினார்.

“கொழுந்துன்னா ரெண்டு கையாலயும் மளமளன்னு எடுத்துப் போட்டுக்கிட்டே போகலாங்க. இது அப்பிடி இல்ல. ஒவ்வொண்ணாப் பார்க்கணும். நகம் படக்கூடாது, பட்டா அந்த எடம் செவந்துரும். மழை பேஞ்சா எடுக்க ஏலாது. நாளு முழுக்க நின்னாலும் ஒரு கிலோ தேறாது.”

“அப்ப சம்பளம்?”

“பேர் போடுவாங்க. கொழுந்துக்குன்னா இத்தன கிலோ எடுத்தாத்தான் முழுப் பேரு, கொறஞ்சா அரைப் பேரு. இதுக்கு அந்தக் கிலோக் கணக்கு இல்ல, முழுப் பேருதான்.”

மலைநாட்டில் ஒரு நாள் கூலியைத்தான் ‘பேர்’ என்கிறார்கள். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பல வருடப் போராட்டத்தின் பின் 2021இல் 1000 ரூபாவாகியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மாமி வாசலில் கொடுத்த 4500 ரூபா, அந்தக் கணக்கில் மூன்று நாட்கூலிக்கும் கூட.

பேச்சு அங்கும் இங்கும் போனது. அவருடைய பெரியம்மாவின் குடும்பம் 1983 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டதாம். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றவர், 2008இல் காணாமற்போனார். “இருக்காரா இல்லையான்னு தெரியாதுங்க. பொட்டு வைக்கிறதா வேணாமான்னு இப்பயும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றார். எங்களில் பலருக்கு அந்தக் கதையை மேலும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

அப்போது எங்களோடு வந்த படித்த பிள்ளை ஒன்று, தான் வாசித்த கதையைச் சொன்னது. சீனாவில் சக்கரவர்த்திக்குரிய வெள்ளைத் தேயிலையைக் கன்னிப்பெண்கள் மட்டும்தான் பறிப்பார்களாம். கையுறை போட்டுக்கொண்டு, தங்கக் கத்தரிக்கோலால் வெட்டி, தங்கக் கிண்ணத்தில் எடுப்பார்களாம். மனிதக் கையே படாதாம். எங்கள் நாட்டிலும் காலி மாவட்டத்தில் அஹங்கமவுக்கு அருகிலுள்ள ஹந்துனுகொட தோட்டத்தில் இந்தக் கதையை வைத்தே ‘வேர்ஜின் வைட் டீ’ என்ற பெயரில் வெள்ளைத் தேயிலை செய்கிறார்கள். உலகம் முழுவதும் அது பேர்பெற்றிருக்கிறது.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தங்கச்சியின் கையைப் பிடித்தார். கறை ஏறி வெடித்திருந்த விரல்கள்.

“அப்ப நானும் இந்தப் புள்ளயும் தொட்டா இந்தத் தேயில கைச்சுப் போகுமா?” என்று அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்.

கல்யாண வீட்டில் முன்னுக்கு நிற்காதே, நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வராதே என்று எத்தனை வருடம் கேட்டவர்கள் நாங்கள்! மாமி கேட்டது தேயிலையைப் பற்றி மட்டுமல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

அதிகாரி சற்று நேரம் பேசவில்லை. “இங்கே இருபது வருடமாக எடுப்பது இவர்கள்தான் அம்மா. எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள், பாதிப் பேர் துணை இல்லாதவர்கள். வாங்குபவன் அரும்பு முழுசாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறான். மற்றதெல்லாம் விற்பதற்கான கதை” என்றார்.

‘தே’ பிறந்த கரை

தொழிற்சாலைக்குத் திரும்பும் வழியில் சீனாவைப் பற்றியும் அவர் சொன்னார். வந்த பிறகு நானும் புத்தகங்களில் தேடிப் படித்தேன்.

வெள்ளைத் தேயிலையின் தாய்வீடு சீனாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபூஜியன் மாகாணம். அதிலும் ஃபூடிங், ஜெங்ஹ என்ற இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஃபூடிங்கில் கடலைப் பார்த்தபடி தாய்மூ என்ற மலை நிற்கிறது. அந்த மலையில் முன்னொரு காலத்தில் ஒரு பெண் வாழ்ந்தாளாம். ஊரில் பிள்ளைகளுக்குச் சின்னமுத்து வந்து வரிசையாக இறந்தபோது, மலைக்குகை அருகே நின்ற தேயிலை மரத்தின் இலையைக் காயவைத்து ஊற்றிக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினாளாம். சனங்கள் அவளைத் ‘தாய்மூ’, அதாவது மூதன்னை என்று வணங்குகிறார்கள். இதுவும் கதைதான். ஆனால் தங்கக் கத்தரிக்கோல் கதையைவிட இந்தக் கதை எனக்குப் பிடித்தது. இதில் பிள்ளைகளுக்காக மலையேறிய ஒரு பெண் இருக்கிறாள்.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஹூய்ஸோங் என்ற சீனச் சக்கரவர்த்தி தேயிலையைப் பற்றி ஒரு நூலே எழுதி, அதில் வெள்ளைத் தேயிலையைப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் அவர் குடித்தது கட்டியாக அழுத்தி, பொடியாக்கி, நுரைக்க அடித்த தேயிலை. அது இப்போதுள்ளதல்ல. ஆகவே ‘அரசர் குடித்தது’ என்று பெட்டியில் போடுவது பாதி உண்மைதான். அரும்பை மட்டும் எடுத்துக் காயவைக்கும் இன்றைய முறை ஃபூடிங்கில் 1796ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அங்கே மூன்று தரங்கள் பரவலாகத் தெரிந்தவை. அரும்பு மட்டும் இருந்தால் ‘வெள்ளி ஊசி’. அரும்புடன் ஒன்று இரண்டு இளம் இலைகள் சேர்ந்தால் ‘வெள்ளைப் பியோனி’. பியோனி என்பது அவர்களுடைய ஒரு பூ. பெரிய இலைகள் அதிகமாக இருந்தால் ‘ஷோ மெய்’, ‘நீண்ட ஆயுளின் புருவம்’ என்று பொருள். விலையும் இந்த வரிசையிலேயே இறங்கும். வெள்ளி ஊசிக்கு அரும்பு எடுப்பது பனிக்காலம் முடிந்து செடி முதன்முதல் துளிர்க்கும் மார்ச், ஏப்ரல் நாட்களில். மூங்கில் தட்டுகளில் பரப்பி வாடவைக்க அவர்கள் காத்திருப்பது உலர்ந்த வடகாற்றுக்காம். அவர்களுக்கும் ஒரு கச்சான் இருக்கிறது!

2022 நவம்பரில் சீனாவின் பாரம்பரியத் தேயிலை செய்முறைகளை யுனெஸ்கோ மனித குலத்தின் கலாசார மரபாகப் பதிவு செய்தது. அதில் ஃபூடிங் வெள்ளைத் தேயிலையும் அடங்கும்.

இன்னொரு விடயம் கேளுங்கள். தேயிலை, தேத்தண்ணி என்று சொல்கிறோமே, அந்தத் ‘தே’ எங்கிருந்து வந்தது? அதே ஃபூஜியனின் தெற்குக் கரையில் அமோய் என்ற துறைமுகம் இருக்கிறது. அங்குள்ள மக்களின் பேச்சில் இந்தச் செடிக்குப் பெயர் ‘தே’. ஒல்லாந்த வியாபாரிகள் அந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றி உலகமெங்கும் கொண்டுபோனார்கள். சீனாவின் மற்றப் பகுதிகளில் ‘சா’ என்பார்கள். அதிலிருந்து வந்தது சாயா. ஆகவே நாங்கள் சீனாவைக் காணாவிட்டாலும் அந்தக் கரையின் ஒரு சொல்லைத் தினமும் வாயில் வைத்திருக்கிறோம்.

இலங்கைக்குத் தேயிலைச் செடி முதலில் வந்ததும் சீனாவிலிருந்துதான். 1824இல் பேராதனைப் பூங்காவில் நட்டார்கள். தோட்டமாகப் பயிரிட்டது 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர், லூல்கந்துரவில் 19 ஏக்கரில். கோப்பிச் செடிகளை நோய் அழித்த பின் மலையெல்லாம் தேயிலையாகியது. அந்த மலைகளைப் பச்சையாக்கியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். எங்களுடன் பேசிய தங்கச்சி அவர்களின் பேத்தி.

ஊற்றும் முறை

மாமி வீட்டில் அந்தப் பெட்டித் தேயிலையைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினார். தொழிற்சாலையில் ஊற்றிய முறை வேறு. நீங்களும் தெரிந்து வைத்திருங்கள்.

தண்ணீர் முக்கியம். உப்புக் கலந்த கிணற்றுநீர் சரிவராது. சுனாமிக்குப் பின் எங்கள் கிணற்றுத் தேத்தண்ணி எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். நல்ல குழாய்நீர், வடிகட்டிய நீர், சுத்தமான மழைநீர் நல்லது.

நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, மூடியைத் திறந்து ஐந்து நிமிடமளவில் ஆறவிட வேண்டும். 80 பாகை அளவு சூடு போதும். பிஞ்சு அரும்புக்குக் கொதிநீர் ஊற்றினால் மணம் போய்விடும்.

ஒரு கிளாஸ், அதாவது 200 மில்லிலீற்றர் நீருக்கு 2 முதல் 3 கிராம் தேயிலை. அரும்பு பஞ்சுபோல இலேசானது, ஆகவே இரண்டு தேக்கரண்டி வரும். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினால் பார்க்க அழகு. அரும்புகள் முதலில் மிதக்கும். பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்று மெதுவாக அடியில் இறங்கும்.

ஐந்து நிமிடம் மூடி வைத்துக் குடிக்கலாம். சீனி, பால் வேண்டாம், போட்டால் தேயிலை இருப்பதே தெரியாது. அதே அரும்பில் இன்னும் இரண்டு தடவை ஊற்றலாம். ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடம் கூட விடவேண்டும். பல வருடம் பழகிய ஷோ மெய் போன்ற முற்றிய இலையைச் சீனர்கள் அடுப்பில் வைத்துக் காய்ச்சியும் குடிப்பார்கள். அது அரும்புக்குப் பொருந்தாது.

காற்றுப் புகாத தகரப் பேணியில் வைக்க வேண்டும். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் குசினியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கருவாட்டுத் தேத்தண்ணிதான்! வெள்ளைத் தேயிலை ஒரு வருடத்தில் தேயிலை, மூன்று வருடத்தில் மருந்து, ஏழு வருடத்தில் புதையல் என்று சீன வியாபாரிகள் சொல்வதுண்டு. எங்கள் கரையின் ஈரக்காற்றில் ஏழு வருடம் வைத்தால் புதையல் வராது, பூஞ்சணம்தான் வரும்.

மாமி முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இது வெறும் சுடுதண்ணிதானே!” இரண்டாம் வாய்க்குப் பிறகு கொஞ்சம் யோசித்தார். “இல்ல... வழுக்க இளநிமாதிரி. விழுங்கினதுக்குப் பிறகு தொண்டையில இனிக்கிது” என்றார். நிறமும் இளநீரில் ஒரு துளி தேன் விட்டது போலத்தான் இருந்தது.

அந்தத் தங்கச்சியும் பையை நிறுக்க உள்ளே வந்திருந்தார். மாமி அவரிடம், “நீங்க இத எப்பிடி ஊத்துவீங்க மகள்?” என்று கேட்டார்.

“நாங்க இது குடிச்சதில்லீங்க. எங்களுக்குத் தூள்தான்.”

மாமி தன் கிளாஸை அவர் கையில் கொடுத்தார். அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கச்சி நின்றபடியே மெதுவாகக் குடித்து முடித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அடியில் கிடந்த அரும்புகளை எண்ணுவது போல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்தா?

இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். வெள்ளைத் தேயிலை நல்ல பானம். ஆனால் மருந்தல்ல. சீனி வருத்தம், புற்றுநோய், உடம்புப் பருமன் ஆகியவற்றை அது மாற்றும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. எந்தத் தேயிலையும் வைத்தியர் தந்த மாத்திரைக்குப் பதிலாகாது.

அதில் ‘கபீன்’ இல்லை என்று சிலர் சொல்வதும் தவறு. செடியின் பிஞ்சு அரும்பில் கபீன் குறைவாக இருப்பதில்லை. நித்திரை வராத சகோதரிகள் இரவில் குடிக்க வேண்டாம்.

வெள்ளையோ கறுப்போ, சாப்பாட்டுடன் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். இரத்தச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் சோறு தின்று ஒரு மணித்தியாலம் கழித்தே தேத்தண்ணி குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை ஒருபோதும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். அதைத் தண்ணீரில்தான் போடவேண்டும்.

யாராவது வெள்ளைத் தேயிலை என்று வாசலுக்குக் கொண்டுவந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். முழு அரும்பாக, வெள்ளி மயிரோடு இருக்க வேண்டும். தூளாகவோ நொறுங்கிய இலையாகவோ இருந்தால் அது சில்வர் டிப்ஸ் அல்ல. எங்கே விளைந்தது, யார் பொதி செய்தார்கள் என்று பெட்டியில் இருக்க வேண்டும். நோயைச் சுகப்படுத்தும் என்று சொன்னால் அந்த இடத்திலேயே கதவைச் சாத்திவிடுங்கள். மாமியின் பெட்டியில் மிஞ்சியிருந்ததை அதிகாரியிடம் காட்டினோம். கையில் கொட்டி மோந்து பார்த்து, “இது பச்சைத் தேயிலைக் கழிவு அம்மா” என்றார்.

திரும்பி வந்த பிறகு

குழுக் காசில் ஒரு சிறிய பக்கற் வாங்கி வந்தோம். மாமியிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறோம். மாதக் கூட்டத்தில் ஆளுக்குக் கால் கிளாஸ் ஊற்றித் தருவார். தண்ணீர் ஆறும்வரை யாரும் பொறுமையிழந்தால், “இருங்க புள்ள, அது ஆறட்டும். அவசரப்பட்டா அவிஞ்சு போகும்” என்பார்.

மற்ற நாட்களில் எங்களுக்கு வழக்கமான பிளேன்ரீதான். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இப்போது கச்சான் வீசும்போது மாமி முன்புபோலக் காற்றை ஏசுவதில்லை. கடை வாசலில் நின்று மேற்கே பார்த்து, “அங்கால புள்ளையள் இப்ப மலையில நிப்பாளுகள்” என்கிறார். பிறகு தன் மாத்திரையை எடுத்து, ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணியில் போட்டுக்கொண்டு, கேத்தலை அடுப்பில் ஏற்றுகிறார்.